பதினோரு கேம்ப் அழைப்பு, ஒரு வாய்வழி ஆஃபர்: மகனின் ஃபுட்பாலை எவ்வளவு நம்பலாம்?

வாசகர் கடிதம், சுருக்கமாக

டல்லஸுக்கு வடக்கே உள்ள புறநகர் ஒன்றிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகனுக்குப் பதினேழு நடக்கிறது, பதினோராம் வகுப்பு, பள்ளியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறான். டெக்சாஸின் பெரிய பள்ளிகள் ஆடும் 6ஏ பிரிவில் அவன் பள்ளி இருக்கிறது. போன வருடம் வரை ஜூனியர் அணியில் இருந்தவன், இந்த சீசனில்தான் பள்ளியின் முதன்மை அணியான வார்சிட்டியில் சேஃப்டியாக (தற்காப்பின் கடைசி வரிசையில் நிற்பவன்) எல்லா ஆட்டமும் இறங்கியிருக்கிறான். உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம், எடை 172 பவுண்ட். பள்ளி அணிப் பட்டியலில் மட்டும் ஆறடி, 180 பவுண்ட் என்று இருக்கிறது. 40 கெஜ ஓட்டம் 4.55 விநாடி, இது அப்பா போனில் பிடித்த நேரம். தடகளப் போட்டியில் 100 மீட்டர் 11.28. பள்ளி மதிப்பெண் சராசரியான ஜிபிஏ 3.9, கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்ஏடியில் 1430.

வீரர்களைத் தரப்படுத்தும் நிறுவனங்கள் அதே அணியில் ஆடும் நண்பனுக்கு மூன்று ஸ்டார் கொடுத்திருக்கின்றன, கையில் கல்லூரிகளின் பல ஆஃபர்கள். இவனுக்கு ஒரு ஸ்டார்கூட இல்லை. "இந்தியப் பையன் என்பதால் கண்டுகொள்ளாமல் விடுகிறார்களோ?" என்று கேட்கிறார். கல்லூரிகளிலிருந்து பதினோரு கேம்ப் (பயிற்சி முகாம்) அழைப்புகள் வந்திருக்கின்றன. ஒரு எஃப்சிஎஸ் (டிவிஷன் 1-இன் இரண்டாம் அடுக்கு) கல்லூரியின் உதவி கோச், மகன் போனில் பேசியபோது "உனக்கு எங்கள் ஆஃபர் உண்டு" என்றாராம். 4,500 டாலர் கட்டினால் கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டமான டிவிஷன் 1 கல்லூரிகளிடம் கொண்டு சேர்ப்பதாக ஒரு ரெக்ரூட்டிங் நிறுவனம் நச்சரிக்கிறது. மைத்துனர், "ஒரு வருஷம் திரும்பப் படிக்க வை, உடம்பு ஏறும்" என்கிறார். மனைவியோ, அக்டோபரில் தலையில் அடிபட்டதிலிருந்து ஆட்டமே வேண்டாம் என்கிறார். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "நாங்கள் இன்னும் எச்-1பி வேலை விசாவில்தான் இருக்கிறோம், அது இதற்குச் சம்பந்தமில்லை என்று நினைக்கிறேன்."

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கடைசி வரிக்குக் கடைசியில் வருகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியம்.

முதலில் களத்தின் அளவைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் பள்ளி ஃபுட்பால் ஆடுபவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-வின் சொந்த மதிப்பீட்டின்படி, அவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் அதன் மூன்று டிவிஷன்களில் ஏதாவது ஒன்றில் கல்லூரி அணிக்குப் போகிறார்கள். டிவிஷன் 1-க்கு நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. 6ஏ பள்ளி ஒன்றில் வார்சிட்டி சேஃப்டியாக எல்லா ஆட்டமும் இறங்குகிறான் என்றாலே, தம்பி பெரிய கூட்டத்தைத் தாண்டி வந்துவிட்டான். இனி எந்த வாசலில் நிற்பது என்பதுதான் கேள்வி.

ஸ்டார் எதை அளக்கிறது

நீங்கள் ஸ்டாரை மதிப்பெண் பட்டியல் மாதிரி பார்க்கிறீர்கள். அது அப்படியில்லை. இந்தப் பையன் நாளைக்குத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் வரை போவானா என்று தரப்படுத்தும் நிறுவனங்கள் செய்யும் ஊகம்தான் அது. அவற்றில் ஒன்றான 247ஸ்போர்ட்ஸ் ஓர் ஆண்டில் ஐந்து ஸ்டார் கொடுப்பது ஏறக்குறைய 32 பேருக்கு. என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வின் முதல் சுற்றில் இருப்பதும் 32 இடங்கள். அந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் அப்படிக் கொடுக்கிறார்கள். அதனால் ஸ்டார் இல்லை என்றால் கல்லூரியில் ஆட முடியாது என்று அர்த்தமில்லை. உங்கள் மகன் மாதிரி இந்த ஆண்டுதான் வார்சிட்டிக்கு வந்தவனை அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

டெக்சாஸிலேயே வளர்ந்த கேம் வார்டு ஓர் உதாரணம். வெஸ்ட் கொலம்பியா என்ற சின்ன ஊர். பள்ளி அணி பந்தை வீசுவதைவிடக் கையில் வைத்து ஓடும் பாணியில் ஆடியதால், பந்தை வீசும் குவார்ட்டர்பேக்காக இருந்தும் அவர் வீசியது குறைவு, பார்த்தவர்களும் குறைவு. ஸ்டாரே கிடையாது. சான் அன்டோனியோவின் இன்கார்னேட் வேர்டு என்ற எஃப்சிஎஸ் கல்லூரிக்குப் போனார், அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மயாமி. 2025 என்எஃப்எல் தேர்வில் முதல் ஆள் அவர்தான். இதை உங்கள் மகனுக்கும் நடக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. அப்படி நடப்பது அபூர்வம். மொத்தமாகப் பார்த்தால் ஸ்டார் கணிப்பு சரியாகவே இருக்கிறது. தனி ஒருவனை வைத்துப் பார்க்கும்போதுதான் தவறுகிறது.

இனப் பாகுபாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்குமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அணி தோற்றால் கோச்சுக்கு வேலை போய்விடும். ஆடத் தெரிந்தவனைப் பெயரைப் பார்த்து ஒதுக்க அவருக்குக் கட்டுப்படியாகாது. யுசிஎல்ஏ-வில் ஆடி கிரீன் பே பேக்கர்ஸ் வரை போன லைன்பேக்கர் பிராண்டன் சில்லரின் தந்தை இந்தியர். உங்கள் மகன் விஷயத்தில் எண்களே போதுமான விளக்கம் தருகின்றன: ஐந்தடி பதினொன்று, 172 பவுண்ட், 11.28 விநாடி, ஒரே ஒரு வார்சிட்டி சீசன். பெரிய கான்ஃபரன்ஸ்களில் (போட்டிக் குழுக்களில்) ஆடும் கல்லூரிகள் சேஃப்டிக்குத் தேடுவது இதைவிட உயரம், இதைவிட வேகம். அதற்குக் கீழ்மட்டக் கல்லூரிகளில் இதே எண்களுக்கு இடம் உண்டு.

கோச்சுகள் பார்ப்பது என்ன

நான் சேர்க்கை ஆலோசகர். ஆட்டத்தை எடைபோடுவது கோச்சுகளின் வேலை. இருந்தாலும் நீங்கள் அனுப்பிய ஹட்ல் தளத்து ஆட்ட வீடியோவைப் பார்த்தேன். முதல் நாற்பது விநாடி பெயர், போஸ்டர், பாட்டு. ஒரு நாளில் எத்தனையோ வீடியோ பார்க்கும் உதவி கோச் அதற்குள் அடுத்ததற்குப் போயிருப்பார். அதன் பிறகும் வரிசையாக இன்டர்செப்ஷன்கள்தான், அதாவது எதிரணி வீசிய பந்தை அவன் பிடித்த காட்சிகள். அவற்றில் இரண்டில் பந்து நேராக அவன் கைக்கே வந்து விழுகிறது.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கடைசிக்கு முந்தைய காட்சி. எதிரணி மைதானத்தின் மறுபக்கம் ஓடுகிறது, தம்பிக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் குவார்ட்டர்பேக்கின் தோள் திரும்பிய கணத்திலேயே கிளம்பி, பந்து வைத்திருப்பவனை நேராகத் துரத்தாமல், அவன் போகப்போகிற இடத்துக்குக் குறுக்கே ஓடி, எல்லைக்கோட்டை ஒட்டி ஒற்றை ஆளாகச் சாய்க்கிறான். சேஃப்டியிடம் கோச் தேடுவது இதைத்தான்: எந்தக் கோணத்தில் ஓடுகிறான், இடுப்பைத் திருப்பி எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறான், திறந்த வெளியில் தனியாக மாட்டினால் ஆளைத் தவறவிடுகிறானா, பந்து தன் பக்கம் வராதபோதும் ஓடுகிறானா. அந்தக் காட்சியை முதலில் வையுங்கள். பாட்டு வேண்டாம். மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிட்டு, இரண்டு முழு ஆட்டங்களின் இணைப்பையும் சேர்த்துக் கொடுங்கள். ஆர்வம் வந்த கோச் அடுத்ததாகக் கேட்பது முழு ஆட்டத்தைத்தான்.

அளவுகளில் உண்மையைச் சொல்லுங்கள். கேம்பில் அளவுகோலும் எடை மேடையும் இருக்கும். ஆறடி என்று எழுதிவிட்டு ஒரு அங்குலம் குறைந்தால், வீடியோவில் இருக்கும் நல்லதையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். போனில் பிடித்த 4.55-ஐ யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கையால் பிடிக்கும் நேரம் எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே வரும். மின்னணுக் கடிகாரம் பிடித்த 11.28-க்கு மதிப்பு அதிகம். இந்த வசந்த காலத் தடகளத்தில் அது 11-ஐ ஒட்டி வந்தால், எந்த கேம்பையும்விட அந்த ஒரு எண் அதிகம் பேசும்.

அழைப்பும் ஆஃபரும்

அந்தப் பதினோரு கடிதங்களும் கல்யாணப் பத்திரிகையை ஊருக்கெல்லாம் வைப்பது போலத்தான். கல்லூரி நடத்தும் கேம்ப் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும்படி திறந்திருக்க வேண்டும் என்பது என்சிஏஏ விதி. வயது, வகுப்பு, மொத்த எண்ணிக்கை போன்றவற்றைத்தான் வரையறுக்கலாம். எனவே அழைப்பு வந்ததாலேயே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்றாகாது. கேம்ப் அவர்களுக்கு வருமானமும்கூட. தம்பியின் வீடியோவில் உள்ள ஏதாவது ஒரு காட்சியைக் குறிப்பிட்டு, டிஃபென்ஸ் கோச் தன் பெயரில் எழுதியிருந்தால் மட்டும் அது வேறு விஷயம். ஜூனில் மூன்று கேம்புக்கு மேல் போகாதீர்கள். அந்த எஃப்சிஎஸ் கல்லூரி கட்டாயம் அதில் ஒன்று.

அப்புறம் அந்த வாய்வழி ஆஃபர். அது இரண்டு தரப்பையுமே கட்டுப்படுத்தாது. நாளைக்கே அவர்கள் பின்வாங்கினால், சட்டப்படி நீங்கள் கேட்க ஒன்றுமில்லை. விளையாட்டு உதவித்தொகைக்கான எழுத்துப்பூர்வமான ஆஃபரைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1-லிருந்துதான் கொடுக்கலாம். கையெழுத்து டிசம்பர் தொடக்கத்தில் வரும் முதல் கட்டத்திலோ, பிப்ரவரியிலோ. முன்பிருந்த தேசிய ஒப்பந்தக் கடித முறையை 2024 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். இப்போது உங்கள் கையில் இருக்கப்போகும் ஒரே ஆவணம் கல்லூரி தரும் நிதியுதவி ஒப்பந்தம். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் ஆஃபர்.

அந்த உதவி கோச்சிடம் நீங்கள் பேசவேண்டாம், தம்பியே பேசட்டும். அப்பா பேசினால் பையனைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போகும். அவன் கேட்க வேண்டியவை:

- இன்றைக்கே சரி என்றால் என் இடம் உறுதியா, அல்லது உங்கள் பட்டியலில் எனக்கு முன்னால் ஆள் இருக்கிறார்களா?
- இந்த ஆண்டு எத்தனை சேஃப்டி எடுக்கிறீர்கள்? அதில் எத்தனை பேர் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலிலிருந்து?
- உதவித்தொகை முழுதா, பகுதியா? ஓராண்டுக்கா, நான்காண்டுக்கா?
- தலைமைக் கோச்சுக்கு இந்த ஆஃபர் தெரியுமா?

மூன்றாவது கேள்வியைத் தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். எஃப்சிஎஸ் கல்லூரிகள் காலங்காலமாக 63 உதவித்தொகையைத் துண்டுபோட்டுப் பலருக்குப் பகிர்ந்து வந்தவை. டிவிஷன் 2-வில் 36. "ஆஃபர்" என்ற சொல்லுக்குள் முழுக் கட்டணமும் இருக்கலாம், புத்தகச் செலவு மட்டும்கூட இருக்கலாம். டிவிஷன் 1-இன் மேல் அடுக்கான எஃப்பிஎஸ்-இல் இருந்த 85 என்ற உச்சவரம்பு, வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்துக்குப் பிறகு அதில் சேர்ந்த கல்லூரிகளில் போய்விட்டது. அதற்குப் பதில் அணியில் மொத்தமே 105 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. அதனால் உதவித்தொகை இல்லாமல் அணியில் ஒட்டிக்கொள்ளும் வாக்-ஆன் இடங்கள் சுருங்கிவிட்டன.

இரண்டாவது கேள்வி போர்ட்டலை, அதாவது கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலைப் பற்றியது. இப்போது ஒரு கல்லூரி வீரர் ஓராண்டு உட்காராமலே இன்னொரு கல்லூரிக்கு மாறி ஆடலாம். பதினேழு வயதுப் பையனை மூன்று வருடம் வளர்ப்பதைவிட, ஏற்கெனவே ஆடிக்காட்டிய இருபத்தொரு வயதுக்காரனை எடுப்பது கோச்சுக்கு எளிது. தம்பிக்கு வராத ஆஃபர்களில் ஒரு பங்குக்கு இதுவே காரணம்.

4,500 டாலரும் ஒரு வருடமும்

பணத்தைக் கட்டாதீர்கள். கோச்சுகளின் மின்னஞ்சல்கள் கல்லூரித் தளங்களிலேயே இருக்கின்றன, வீரர் விவரப் படிவமும் இலவசம். கல்லூரிக் கோச் ஒரு பையனைப் பற்றி விசாரிக்க நினைத்தால் அழைப்பது பள்ளிக் கோச்சைத்தான். அவரிடம் ஒரு நாள் நேரம் கேட்டு, மூவரும் உட்கார்ந்து, "இவன் எந்த நிலைக்குத் தகுதி, நேராகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அந்த அரை மணி நேரத்தில் கிடைப்பது 4,500 டாலருக்கும் கிடைக்காது. இன்னொன்று: "ஸ்காலர்ஷிப் கிடைத்தால் கூடுதல் கட்டணம்" என்கிற மாதிரி ஏதாவது அந்த ஒப்பந்தத்தில் இருந்தால், பையனின் என்சிஏஏ தகுதிக்கே ஆபத்து.

மைத்துனரின் யோசனை டெக்சாஸ் பள்ளிகளில் செல்லாது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து நான்கு ஆண்டுகள்தான் வார்சிட்டியில் ஆடலாம் என்பது இங்கே பள்ளி விளையாட்டுகளை நடத்தும் யூஐஎல் அமைப்பின் விதி. பதினொன்றைத் திரும்பப் படித்தால், பன்னிரண்டில் களத்துக்கு வெளியே நிற்பான்.

படிப்பு என்ற இன்னொரு வாசல்

3.9, 1430 என்பதைக் கடிதத்தில் நீங்கள் கூச்சத்தோடு ஒரு ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு 4.55-ஐவிட அதுதான் பெரிதாகத் தெரிகிறது. என்சிஏஏ டிவிஷன் 1-க்குக் கேட்பது 16 கோர் (அடிப்படை) பாடங்களும் அவற்றில் 2.3 சராசரியும்தான். அவற்றில் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே முடித்திருக்க வேண்டும் என்பதை மட்டும் பள்ளி ஆலோசகரிடம் சரிபாருங்கள். உங்கள் மகன் இதற்கெல்லாம் மிக மேலே இருக்கிறான்.

படிப்பில் கண்டிப்பான கல்லூரிகளின் கோச்சுகளுக்கு எப்போதும் ஒரு தலைவலி உண்டு: ஆடத் தெரிந்தவனில் பாதிப் பேரைச் சேர்க்கை அலுவலகம் ஏற்றுக்கொள்ளாது. இரண்டும் உள்ளவனை அவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள், எம்ஐடி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கார்னகி மெலன், இங்கே சான் அன்டோனியோவின் டிரினிட்டி எல்லாம் அந்த வகை. பதினொன்றின் மதிப்பெண்கள் வந்ததும், ஜூலையில், அவற்றை முன்கூட்டியே சேர்க்கை அலுவலகத்திடம் காட்டிக் கருத்துக் கேட்குமாறு கோச்சிடம் சொல்லலாம். இது வழக்கத்தில் உள்ளதுதான். 1430-ஐ இன்னொரு முறை எழுதி உயர்த்தினால் ஐவிக்கு நல்லது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். "ஐவியில் ஃபுட்பால் ஸ்காலர்ஷிப்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒன்று கிடையாது. டிவிஷன் 3-லும் கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி உண்டு, டிவிஷன் 3 கல்லூரிகள் பலவற்றில் மதிப்பெண்ணுக்காகத் தரும் உதவியும் உண்டு. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு வருமான அடிப்படையில் எவ்வளவு வரும் என்பதைக் கல்லூரித் தளத்தில் உள்ள கணிப்பானில் போட்டுப் பார்த்துவிட்டே ஆசைப்படுங்கள்.

உங்கள் மனைவி சொல்வது

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. டெக்சாஸில் 2011-லிருந்து சட்டமே உண்டு: தலையில் அடி என்ற சந்தேகம் வந்தால் அன்றைக்கே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் பெற்றோரின் கையெழுத்தும் இல்லாமல் திரும்ப இறக்கக்கூடாது. அக்டோபரில் இது நடந்ததா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. "கோச்சிடம் சொல்ல வேண்டாம்" என்று தம்பி கேட்டிருந்தால், அதுதான் நான் முதலில் கவலைப்படுகிற விஷயம். ஒரு நரம்பியல் மருத்துவரிடம் மூன்று பேரும் சேர்ந்து போங்கள், அவர் சொல்வதை மனைவி நேரடியாகக் கேட்கட்டும். அதன் பிறகும் அவர் வேண்டாம் என்றால், அந்த வாக்குக்கு எந்த ஆஃபரையும்விட எடை அதிகம் என்பது என் கருத்து.

எச்-1பி

தம்பி கோவையில் பிறந்து மூன்று வயதில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவன் எச்-4, அதாவது எச்-1பி வைத்திருப்பவரைச் சார்ந்தவருக்கான விசா. அந்த நிலையில் கல்லூரியில் படிக்கலாம், விளையாட்டு உதவித்தொகையும் வாங்கலாம். மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. வேலை செய்து சம்பாதிக்கவும் அனுமதி இல்லை. இங்கேதான் சிக்கல். இன்று கல்லூரி ஃபுட்பாலில் வீரரின் பெயரையும் படத்தையும் பயன்படுத்துவதற்காகப் பணம் வருகிறது. 2025 ஜூலையிலிருந்து சில கல்லூரிகள் நேரடியாகவே வருமானத்தில் பங்கு தருகின்றன. அணியில் எல்லாரும் வாங்குகிறார்களே என்று உள்ளூர்க் கடை விளம்பரத்துக்கு ஒரு முந்நூறு டாலர் வாங்கினால்கூட, அனுமதியில்லாத வேலை என்று ஆகி, உங்கள் கிரீன் கார்டு வரிசை வரைக்கும் இடிக்கலாம். பல கோச்சுகளுக்கே இது தெரியாது. நல்லெண்ணத்தோடு கையெழுத்துப் போடச் சொல்வார்கள்.

இன்னொன்று இருபத்தொரு வயது. அது கல்லூரியின் மூன்றாவது ஆண்டுவாக்கில் வரும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எச்-4 போய்விடும், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். மாறினாலும் பணம் வாங்கும் சிக்கல் தீராது. வயதைக் கணக்கிடும்போது, கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனு நிலுவையில் இருந்த நாட்களைக் கழிக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. அது உங்களுக்கு எவ்வளவு உதவும் என்பதைக் குடியேற்ற வக்கீல்தான் தேதிகளைப் பார்த்துச் சொல்ல முடியும். ஒரு வருடத்தை வீணாக்கச் சொன்ன மைத்துனரின் யோசனை இந்தக் கோணத்திலும் ஆபத்தானது.

ஜூன் கேம்புகளுக்கு முன்பே வக்கீலைப் பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் வக்கீலாக இல்லாமல், உங்கள் குடும்பத்துக்காகப் பேசும் ஒருவராக இருக்கட்டும். போகும்போது ஐ-140 மனுச் செய்த தேதி, ஒப்புதலான தேதி, கிரீன் கார்டு வரிசைத் தேதி, தம்பியின் பிறந்த தேதி, ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) விவரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அவர் சொன்னதைக் கேட்ட பிறகு, அந்த எஃப்சிஎஸ் கோச்சிடம் தம்பி கேட்க வேண்டிய கேள்விகளில் ஐந்தாவதாக ஒன்று சேரும்: விசாவில் இருக்கும் வீரரை இதற்கு முன் உங்கள் அணியில் வைத்திருந்திருக்கிறீர்களா, கல்லூரியில் அதைப் பார்த்துக்கொள்பவர் யார்?